மூன்று விரல் மருந்து

"சுடத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியுங்க" என்றாள் அம்மா.

பச்சைப் பொய். வீடு கூட்டும்போது துப்பாக்கி சாத்தியிருக்கும் மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுகிறவள் அவள். நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பதினாலு, அவனுக்குப் பதினாறு. அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். அப்பா இறந்த பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் பார்த்தேன். அதனால் அந்தப் பொய்யை இன்றுவரை நான் புண்ணியத்தில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. இன்றைக்கு ஷிப்டு பஸ்கள் வரிசைகட்டிப் போகிற சாலையில் அன்று ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே வழிவிடக்கூட ஆள் இருக்காது. எங்கள் நிலம் சானமாவுக் காட்டை ஒட்டி இருந்தது. ராகியும் நிலக்கடலையும் போடுவோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் கல்லக்கா என்று பெயர். கல்லக்கா காய் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால், விடிவதற்குள் ஏர் ஓட்டின மாதிரி நிலத்தைப் புரட்டிப் போட்டுவிடும். அதற்காகத்தான் அப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். அப்பாவை விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. லைசென்ஸை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து அந்தப் பொய்யைச் சொன்னாள்.

அதைவிடப் பெரிய நிபந்தனையைப் பெரியப்பா போட்டிருந்தார். அவர் அப்பாவின் அண்ணன், கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தம்பி குடும்பம் தெருவில் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அப்பாவின் காரியம் முடிந்த அன்று சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

"பொம்பளையும் ரெண்டு பசங்களும் காட்டோரத்துல இருந்துக்கினு என்னா பண்ணுவீங்க? இந்த வருசம் கல்லக்கா வூடு வந்து சேந்துச்சின்னா இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. பன்னி தின்னுட்டுப் போச்சின்னா, நெலத்தக் குத்தகைக்கு வுட்டுடலாம். பையன பெங்களூருல ஒரு கடையில சேத்துடறேன். பொண்ணு எங்க வூட்டுல வளரட்டும்."

அம்மா எங்கே போவாள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்களில் யாராவது ஒருவரைப் பார்த்துப் பேசுவாள். "பெரியப்பாகிட்ட சொல்லு பாப்பா, கல்லக்கா வூட்டுக்கு வந்துடும்னு." அது அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய் இன்னொரு முறை சொல்ல வேண்டும், அதுதான் முறை. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்போமா இல்லையா என்பது அந்தக் கல்லக்கா வயலைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

லைசென்ஸ் கிடைத்தது. சுடத்தான் வீட்டில் ஆள் இல்லை.

குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. அப்பா அதை யாருக்கும் சொல்லித் தரவில்லை. எங்களை அவர் காட்டுக்குக் கூட்டிப்போனதெல்லாம் எடுபிடி வேலைக்குத்தான். அங்கேயும் கேள்வி கேட்க முடியாது. "துப்பாக்கி கையில ஏறிச்சின்னா வாய மூடிக்கணும்" என்பது அவர் சட்டம். முயலுக்குக் காது நீளம், பன்றிக்கு மூக்கு நீளம், மனுஷனுக்கு நாக்கு நீளம், அதனால்தான் வேட்டை கெடுகிறது என்பார். இருமல் வந்தால்கூட வேட்டியை வாயில் திணித்துக்கொள்கிற மனிதர்.

அதனால் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு துண்டுதான் தெரிந்திருந்தது. கரிமருந்தை முறத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பதும், ஒரு சின்ன மூங்கில் குப்பியில் அதை அளந்து கொடுப்பதும் அம்மாவின் வேலையாக இருந்தது. முயலுக்கு ஒரு குப்பி, பன்றிக்கு இரண்டு. மருந்துக்கு மேல் தேங்காய் நார், அதற்கு மேல் ஈய ரவை, மறுபடி நார் என்று இரும்புக் கம்பியால் கெட்டிப்பதை அண்ணன் பார்த்திருந்தான். கெட்டித்த பிறகு கம்பியை உள்ளேயே விட்டுப் பார்ப்பார்கள். குழல் வாய்க்கு வெளியே கம்பி மூன்று விரல் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது முயல் மருந்து. ஆறு விரல் நீட்டினால் பன்றி மருந்து. எனக்குத் தெரிந்தது கேப்பு. குன்றிமணி அளவு செப்புத் தொப்பி அது. அதைக் குழலின் பின்பக்கத்து முளையில் பொருத்த வேண்டும். விசையை இழுத்தால் குதிரை என்கிற சின்னச் சுத்தி வந்து அதன் தலையில் அடிக்கும், நெருப்பு உள்ளே போகும். அப்பாவின் பழைய மூக்குப்பொடி டப்பியில் கேப்புகளைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னால் நடப்பது என் உத்தியோகம்.

குறி வைப்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரியாது. அதை அப்பா கையோடு கொண்டுபோய்விட்டார்.

வயலுக்கு மேற்கே இருந்த புளியமரத்தடியில் பழக ஆரம்பித்தோம். அங்கே ஒரு புற்று இருந்தது, அதைச் சுட்டுப் பழகலாம் என்றான் அண்ணன். "புத்துல சாமி இருக்குது. இந்த வூட்டுக்கு ஒரு சாவு போதும்" என்று அம்மா ஓர் ஓட்டைப் பானையைக் கொண்டுவந்து கல்லின்மேல் கவிழ்த்தாள். அவள்தான் முதலில் சுட்டாள். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தாள். புளியமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன. அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நிலத்துக் கன்னடக்காரம்மா, "ஏனாயித்தம்மா, ஏனாயித்து?" என்று என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பானைக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றாள் அம்மா.

அன்று நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். பிறகு அம்மா சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கன்னடக்காரம்மா அவள் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பானை முன்னால் நின்றோம். எங்கள் அப்பா எப்படி நிற்பார் என்பதை மூன்று பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஈர மண்ணில் அவருடைய இடது கால் தடம்தான் ஆழமாகப் பதிந்திருக்கும் என்று நான் சொன்னேன். பின்னால் நடந்தவளுக்குத் தடம்தானே தெரியும். அப்படியானால் எடை முன்காலில் இருக்க வேண்டும். சுடும்போது அவர் முதுகு அசையாது, மூச்சைப் பிடித்துக்கொள்வார் என்றான் அண்ணன். அம்மா தன் வலது தோளில் கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்து, "இங்க கன்னிப்போயி இருக்கும். நாந்தான் எண்ணெ தடவுவேன்" என்றாள். கட்டையை அங்கேதான் அணைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். அப்பா உயிரோடு இருந்தபோது நாங்கள் அவரைப் பற்றி அவ்வளவு பேசினதில்லை. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்பா செத்த வருஷத்தில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது நிஜம்.

பானை உடைந்தது. அப்புறம் முயலுக்குப் போனோம். முதல் முயலை அடித்தது அம்மாதான், கொள்ளுக் காட்டு ஓரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு. அண்ணன் அதைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வீட்டில் உரிக்கும்போது அம்மாவின் கை நின்றது. முயலின் மடியில் பால் கட்டியிருந்தது. எங்கேயோ புதருக்குள் குட்டிகள் இருக்கும். மூன்று பேரும் அன்று மத்தியானம் வரை கொள்ளுக் காட்டை அலசினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா எங்களுக்குக் குழம்பு வைத்துப் போட்டாள், அவள் களியை வெறும் மோரில் கரைத்துக் குடித்தாள். மறுநாள் விடியும்போது துப்பாக்கியோடு அவளே எங்களை எழுப்பினாள். "பாவம் பாத்தா கல்லக்கா வூடு வருமா?" என்றாள். எங்களைக் கேட்ட மாதிரி இல்லை அது.

அப்பாவின் பழக்கம் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டோம். போட்ட மருந்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார். ஒன்றும் கண்ணில் படாவிட்டாலும் வெயில் ஏறும் நேரத்தில் வயல் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுத்தான் திரும்புவார். காட்டுக்குள் இருக்கிற பன்றிக்கு அது ஒரு எச்சரிக்கை. நாங்களும் அப்படியே செய்தோம். அதனால் போட்ட மருந்தை வெளியே எடுக்கிற வேலை எங்களுக்கு வரவே இல்லை. போடுகிற வேலையை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தோம். மருந்து அம்மாவுக்கு, கம்பி அண்ணனுக்கு, கேப்பு எனக்கு. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைக்கமாட்டோம். எடுப்பது யார் பங்கு என்று மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

சுடுவதற்கும் முறை வைத்திருந்தோம். பன்றி மருந்து உதைக்கிற உதை எனக்குத் தாங்காது என்று, என் முறை வந்தால் அம்மா முயல் மருந்துதான் அளப்பாள். ஆவணியில் அண்ணன் ஒரு பன்றியை அடித்தான். சுற்றுப்பட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எந்த வீட்டையும் விடாமல் கறி பங்கு போனது. "அப்பன் கை" என்று எல்லோரும் அவன் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். விஷயம் கிருஷ்ணகிரிக்கும் போய், பெரியப்பா ஒரு கூடை வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். கல்லக்கா செடியைப் பிடுங்கிப் பார்த்தால் காய் சடை சடையாக வந்தது. இன்னும் கொஞ்ச நாள் காத்துவிட்டால் போதும். நாங்கள் வீட்டில் இருந்துவிடுவோம் என்று நான் நம்பிவிட்டேன்.

அறுப்புக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு விடிகாலையில் தூறல் போட்டது. அன்று அம்மாவின் முறை, தூறலில் பன்றி இறங்காது என்று முயல் மருந்துதான் போட்டிருந்தோம். முயல் ஒன்று வரப்பில் வந்து உட்கார்ந்தது. அம்மா விசையை இழுத்தாள். குதிரை விழுந்தது, கேப்பு 'டப்'பென்று வெடித்தது, அவ்வளவுதான். குழலில் இருந்து ஒன்றும் வரவில்லை. முயல் போய்விட்டது. இன்னொரு கேப்பு வைத்தேன், அதுவும் அப்படியே. "மருந்து நமுத்துப்போச்சி" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தோம். போட்ட மருந்தோடு அந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே வெயில் அடித்தது. அம்மா வீட்டில் இருந்த கரிமருந்து முழுவதையும் முறத்தில் கொட்டி வாசலில் காயவைத்தாள். அண்ணன் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தான். ஊசியால் முளையின் ஓட்டையைக் குத்திக் குத்தி அடைப்பு எடுத்தான். முறத்தைப் பார்த்த அண்ணன், குழலில் இருந்த மருந்தையும் அம்மா எடுத்து அதோடு சேர்த்துக் காயவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். மருந்து அவள் வேலைதானே. அவன் கையில் துணியைப் பார்த்த அம்மா, பையன் நாரை உருவி எல்லாவற்றையும் வெளியே தட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். கம்பி அவன் வேலைதானே. இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிகாலை வயலுக்குப் போனோம். பனி இறங்கியிருந்தது. வேலி மறைவில் மூன்று பேரும் குந்தினோம். என் முறை. அம்மா ஒரு குப்பி அளந்து குழலில் கொட்டினாள். அண்ணன் நார் வைத்து, ரவை போட்டு, மறுபடி நார் வைத்துக் கெட்டித்தான். கம்பியை விட்டுப் பார்த்தான். நான் கேப்பு வைத்தேன். துப்பாக்கி கையில் ஏறிவிட்டது, யாரும் வாய் திறக்கவில்லை.

வெளுக்கிற நேரத்தில் பன்றி வந்தது. தனிப் பன்றி, பெரியது. வயலின் கீழ் மூலையில் மூக்கால் மண்ணைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நான் இடது காலை முன்னே வைத்தேன். கட்டையைத் தோளில் அணைத்தேன். அப்போது அண்ணன் என் தோளைத் தட்டினான். திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கியைக் கொடு என்று கை நீட்டினான். மாட்டேன் என்று தலையாட்டினேன். அவன் என் தோளில் மறுபடியும் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டான். அம்மா அவனைத் திட்டினாள், அதுகூடக் கண்ணால்தான். பெரிய பன்றியைக் கண்டதும் என் முறையைத் தட்டிப் பறிக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அது சுட்ட சத்தம் இல்லை. எங்களுக்குப் பழகின சத்தம் தெரியும். இது வேறு. புகை விலகினபோது அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தான். குழல் வயிறு கிழிந்து விரிந்திருந்தது. அவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலி இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை. அப்போதும் அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டது அம்மாதான். அந்த ஒரு கத்தலுக்கு மூன்று நிலம் தள்ளி இருந்தவர்களும் ஓடிவந்தார்கள்.

அம்மா தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள். கன்னடக்காரம்மாவின் புருஷன் வண்டி பூட்டினார். ஓசூர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று பெங்களூருக்கு அனுப்பினார்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் காப்பாற்ற முடிந்தது. நடுவில் இருந்த மூன்று விரலும் போயின. போலீசார் வந்து கிழிந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பு அம்மா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பிளந்த இடத்தில் கருகின தேங்காய் நார் இரண்டு கட்டாகச் சிக்கியிருந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று. நேற்றைய மருந்து, அதன்மேல் இன்றைய மருந்து. அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கல்லக்கா வீட்டுக்கு வந்தது. அதுதான் வேடிக்கை. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஊரில் ஆள் மாற்றி ஆள் தகரம் தட்டி எங்கள் வயலைக் காத்தார்கள். பெரியப்பாவே மண்டியைப் போட்டுவிட்டு வந்து காவல் இருந்தார். பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கியும் கொடுத்தார்கள். அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வீடு வந்த அன்று பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கல்லக்கா வந்துச்சி. சொன்ன பேச்சு சொன்னதுதான். நீங்க இங்கயே இருங்க."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைக் கூப்பிடுவாள், பெரியப்பாகிட்ட சொல்லு பாப்பா என்பாள் என்று நான் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டி வெளியே வந்தாள். முக்காட்டுத் தலைப்பைக்கூட இழுத்துவிடாமல் அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போயிடுங்க" என்றாள். "எங்கையால இதுங்களுக்கு மருந்து அளந்தது போதும்."

பெரியப்பா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். "கூட்டிக்கினு போங்க" என்றாள் மறுபடி. நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். சண்டையும் போட்டேன், ஜெயிச்சிட்டோமே, எதுக்கு அனுப்பற என்று கத்தினேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கினாள்.

அண்ணனைப் பெங்களூரில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்தார்கள். பொட்டலம் கட்ட இரண்டு கை வேண்டும், அவன் ஒரு கையும் பல்லுமாகக் கட்டப் பழகினான். நான் கிருஷ்ணகிரியில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே பிள்ளை பெற்றேன். அம்மா அந்தக் காட்டோரத்தில் ஒண்டியாகக் கடைசிவரை இருந்தாள். நிலத்தில் கல்லக்கா போடுவதை நிறுத்திவிட்டாள். ராகியும் அவரைக்காயும் போட்டாள், பன்றி தின்றது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டாள்.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் அவள் அங்கே வந்து நிற்பாள். "மருந்து என் வேலை. நமுத்த மருந்த நாந்தான எடுத்திருக்கணும்? புள்ள கைய நானே தின்னுட்டேன்." பெங்களூருக்குப் போனால் அண்ணன் அதையே வேறு விதமாகச் சொல்வான். "கம்பி எங்கிட்ட இருந்துச்சி. நார நாந்தான் உருவியிருக்கணும். அம்மாவுக்கு என்னா தெரியும்?"

அவன் சொன்னதை இவளிடமும், இவள் சொன்னதை அவனிடமும் நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சின்ன வயசில் பெரியப்பாவுக்குச் சொல்லிப் பழகின வாய்தானே. பாரம் பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைந்தது? "அவன் அப்படித்தான் சொல்லுவான், பெத்தவள வுட்டுக்குடுக்க மாட்டான்" என்றாள் அவள். "அது அப்படித்தான் சொல்லும்" என்றான் அவன். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்ட வீட்டில், பழியை மட்டும் ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை. கேப்பு வைத்தது நான்தான், நெருப்பு என் கையில் இருந்துதான் போயிற்று என்று சொன்னால் இரண்டு பேருமே, "உனக்கு என்னா, நீ சின்னப் பொண்ணு" என்றார்கள். எனக்கு மூன்று பிள்ளை பிறந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அது கோபம்தான். சேர்ந்து கற்றுக்கொண்டோம், சேர்ந்து ஜெயித்தோம், துக்கத்துக்கு மட்டும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அம்மா போன பிறகு, காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பின மத்தியானத்தில், அண்ணனும் நானும் அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. நான் என்னமோ நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கி என் முறை அண்ணா. பெரிய பன்னின்னு பாத்துட்டு எங்கிட்ட இருந்து புடுங்கிக்கின இல்ல?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீ அப்படியா நெனச்சிக்கினு இருக்கற?"

"பின்ன என்னா?"

"கம்பி ஆறு விரல் நீட்டிக்கினு இருந்துச்சி பாப்பா. அம்மா பன்னி மருந்து போட்டுடுச்சின்னு நெனச்சேன். உன் தோளு அந்த ஒதைய தாங்காதேன்னுதான் வாங்குனேன்."

பழைய மருந்து மூன்று விரல், புது மருந்து மூன்று விரல். நான் கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் அவன் காத்திருந்தான். பிறகு அந்த இரண்டு விரல் கையால் என் வலது தோளை, அன்று தட்டின அதே இடத்தில், தட்டிக் காட்டினான். எனக்கும் இடது கை இருக்கிறது. அதில் ஐந்து விரல் இருக்கிறது. அதையும் வைத்துத்தான் நான் பூ கட்டினேன், முறம் புடைத்தேன், மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன்.

"முயல் மருந்துதான்னு அம்மாவுக்குத் தெரியும். பன்னி மருந்துன்னு நீ நெனச்சிருக்கற. ஒரு வார்த்த வாய் தொறந்து கேட்டிருக்கலாமே அண்ணா" என்று அழுதேன். "எல்லாரும் பக்கத்துலதான இருந்தோம்?"

அவன் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வயலைப் பார்த்தான்.

"துப்பாக்கி கையில இருந்துச்சே" என்றான்.